வலது பக்கக் கதவு

வேங்கிக்காலில் என் பக்கத்து வீட்டுப் பையன் போன மாதம் ஒரு கார் வாங்கினான். இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, பெங்களூர் நம்பர். ஸ்போர்ட்ஸ் கூபே என்று பெருமையாகச் சொன்னான். அவனைவிடக் கொஞ்சம்தான் இளைய வண்டி. வாங்கி முடித்த பிறகு என்னிடம் யோசனை கேட்க வந்தான். யோசனை கேட்பதற்கு நம் ஊரில் அதுதான் முறையான காலம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தடையில்லாச் சான்று, மறுபதிவு, சாலை வரி, தகுதிச் சான்று, பசுமை வரி என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

“அதெல்லாம் விடுங்க ஆன்ட்டி. ஓட்டுற செலவு எப்டி இருக்கும்? நம்பி எடுத்துக்கினு போலாமா?”

முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். பெட்ரோல் குடிக்கும், உதிரி சாமான் கிடைக்காது, கிடைத்தால் அதன் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் கிடைக்கும், டயர் வெளியூரிலிருந்து வரவேண்டும். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நம்பகமான வண்டி, நாள் தவறாமல் ஒரே இடத்தில் நின்றுபோன வண்டி. அதை அவனிடம் எப்படி விளக்குவது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு பெரிய கோயிலின் மேற்குக் கோபுரத்தை ஒட்டிய பேகோபுரத் தெருவில் இருந்தது. கிராமத்தில் நிலம், ஊருக்குள் கடலை மண்டி. பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அவர்கள் மனைவிமார், நாங்கள் ஒரு கூட்டம் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரு கூடமும் இரண்டு அறைகளும். ஓர் அறையில் கடலை மூட்டைகள் இருந்தன, மற்றதில் பெரியப்பா இருந்தார். இரவில் மற்ற ஆண்கள் மொட்டை மாடியில், பெண்களும் பிள்ளைகளும் கூடத்தில் வரிசையாகப் படுப்போம். இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் சித்தப்பாவுக்குக் குழந்தை இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் குறையாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அறிவு அந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

குறை சித்தியின் மேல்தான் வந்து விழுந்தது. சித்தி அதற்கும் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் அவள் பேச்சு “சரிங்க மாமா”, “வரேன் அக்கா” என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். அவள் குரல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தை பிறந்ததும் சித்தப்பாவுக்கு இன்னொரு பெண் பார்ப்பதென்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். செங்கத்தில் ஒரு குடும்பம் தயாராக இருந்தது. முதல் மனைவி இருக்கும்போது செய்யும் இரண்டாவது கல்யாணம் சட்டப்படி செல்லாது. பெரியப்பாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், சட்டம் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டிருப்பார்.

இந்தச் சமயத்தில்தான் மண்டி வேலையாகப் புதுச்சேரி போன சித்தப்பா, போன லாரியில் திரும்பாமல் ஒரு காரில் வந்து இறங்கினார்.

கருநீலம். இரண்டு கதவு, இரண்டு சீட். பின்னால் பெட்டி வைப்பதற்கு ஒரு பலகை; அதில் ஒன்பது வயதுப் பிள்ளை காலை மடக்கிப் படுக்கலாம். பிரெஞ்சுக்காரன் காலத்து வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. அது ஒரு வயதான வக்கீலுடையது. அவர் இறந்துபோய், அவர் மனைவி விற்றாளாம். வக்கீல் இறந்ததே அந்தக் காரில்தான். விபத்து எதுவுமில்லை, கொட்டகையில் நின்ற வண்டிக்குள், ஓட்டுகிறவர் இடத்தில்கூட அல்ல, வலது பக்க சீட்டில், யாரோ வந்து ஓட்டுவார்கள் என்று காத்திருப்பவரைப் போல உட்கார்ந்தபடி. தரகர் இதை மறைக்கவில்லை. ஒரு சிறப்பாகவே சொன்னாராம்.

“கடைசி ரெண்டு வருஷம் வண்டி வெளியவே போவலங்க. சாயங்காலம் ஆனா அய்யா வந்து உள்ள குந்திக்குவாரு, அவ்ளோதான். தேய்மானம் ரொம்ப கம்மி.”

வலது பக்க சீட்டில் ஒரு பள்ளம் இருந்தது. யார் உட்கார்ந்து எழுந்தாலும் அது நிமிரவில்லை. வெயிலில் கதவைத் திறந்தால் பழைய சுருட்டு வாசனை வரும். உடையவர் இறந்தால் வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றி, அதன் பிறகுதான் விற்க வேண்டும். அதையெல்லாம் யாரும் செய்யவில்லை. ஆகவே சட்டப்படி அந்தக் கார் கடைசிவரை இறந்தவருடையதாகவே இருந்தது. இதை நான் பணியில் சேர்ந்த பிறகு ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது, எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன்.

தெருவில் முதல் வாரமே பேச்சு கிளம்பியது. நம் ஆட்கள் ஓட்டுகிறவரை வலது பக்கத்தில் தேடுவார்கள். சித்தப்பா தனியாகப் போனால், வலது பக்கம் ஆளே இல்லாமல் ஒரு வண்டி தானாகப் போவதாகத் தெரியும். மாட்டு வண்டிக்காரர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். பூ விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தப் பூவுக்கும் சித்தப்பாதான் காசு கொடுத்தார்.

காசு அவர் கையில் நின்றதே அந்தக் காருக்குக் கொடுக்கத்தான். லாரிக்குப் பார்க்கும் மெக்கானிக் காரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கோயில் கருவறைக்குள் தெரியாமல் நுழைந்தவரைப் போல மெதுவாக மூடினார். மூன்றாம் நாள் தீப்பொறி தரும் காயில் போயிற்று. புதுச்சேரியிலிருந்து வேறு வந்தது. கிளட்ச் கம்பி, தண்ணீர்க் குழாய், டயர் என்று ஒவ்வொன்றாகப் பேருந்தில் சணல் கட்டி வந்து இறங்கின. “இதுக்கு ஒரு யானைய வாங்கியிருந்தா கோயில்லயாவது கட்டிருக்கலாம்” என்றார் அப்பா. இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு இரண்டு சீட் வண்டி எதற்கு என்று பெரியப்பா கேட்டார். சித்தப்பா காரைத் துடைக்கப் போய்விட்டார். அண்ணன் எதிரில் அவருக்கு வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொன்னவள் பெரியம்மாதான். குழந்தை வேண்டி சித்தி ஒரு மண்டலம் தினமும் எங்கள் ஊர்ச் சாமி மலையைச் சுற்றட்டும் என்றாள். நடந்து சுற்றினால் அரை நாள் போய்விடும், சமையல் யார் செய்வது? காரில் சுற்றட்டும் என்று முடிவாயிற்று. “கார்ல சுத்துனா காருக்குத்தான் புண்ணியம்” என்று அப்பா முணுமுணுத்தார். சாயங்காலம் மண்டி அடைத்ததும் இருவரும் கிளம்புவார்கள். மலை வலது கைப் பக்கம் இருக்க, செங்கம் ரோட்டில் போய், ஆசிரமம் தாண்டித் திரும்பி, மலையின் முதுகுப் பக்கமாக வருவார்கள். மலை சுற்றுகிறவர்கள் ரோட்டின் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். மலையை ஒட்டிய வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் சுற்றுகிறார்கள், அவர்களுக்கு வழி விட வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கால் தானாக இடது பக்கம் போய்விடும்.

ஒருநாள் அவர்கள் நேரம் கழித்து வந்தார்கள். மலைக்குப் பின்னால், குளத்தோரம் ஒரு பாழ் மண்டபம் இருக்கும் வளைவில் கார் நின்றுவிட்டதாம். மறுநாளும் அதே இடத்தில் நின்றது. அதற்கு அடுத்த நாளும். நின்றதும் வலது பக்கக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்றும், கொஞ்ச நேரம் கழித்து வண்டி கிளம்பும்போது அதுவே மூடிக்கொள்கிறது என்றும் சித்தப்பா பெரியம்மாவிடம் தரையைப் பார்த்தபடி சொன்னார். வலது பக்கம். வக்கீலின் பக்கம். சித்தர்களின் பக்கம்.

அடுத்த நாள் பெரியம்மா என்னைக் காரில் ஏற்றினாள். “கன்னிப் பொண்ணு கூட இருந்தா எதுவும் அண்டாது” என்றாள். என் காதருகே குனிந்து, “இன்னா நடக்குதுன்னு கண்ண தொறந்து பாத்துக்கினு வா” என்றும் சொன்னாள். நான் பின்பலகையில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டேன். ஆசிரமம் தாண்டியதும் பயத்தில் கண்ணை மூடி, தூங்குவதுபோல் பாசாங்கு செய்தேன். இமையை மட்டும் ஒரு கீற்று திறந்து வைத்திருந்தேன்.

செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பிய பிறகு ஆள் நடமாட்டம் குறைந்தது. இருபுறமும் புளிய மரங்கள். சித்தப்பா முழங்காலைச் சொறிந்துகொள்வதுபோல் கையைக் கீழே விட்டார். கொஞ்ச தூரம் போனோம். மண்டபம் தெரிந்தது. இன்ஜின் ஒருமுறை இருமியது, இன்னொரு முறை இருமியது, அப்புறம் சத்தமே இல்லை. வண்டி தன் பாட்டுக்கு உருண்டு வளைவில் போய் நின்றது.

சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மலையின் மேல் விழுந்திருந்த சிவப்பு அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறி, உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு நின்று, அணைந்தது. மலை முழுவதும் ஒரே கறுப்பாயிற்று. கார் மூடிக்குள்ளிருந்து டிக், டிக் என்று இரும்பு ஆறும் சத்தம். பிறகு யாரும் தொடாமலே வலது பக்கக் கதவு திறந்தது. வேகமாக அல்ல, ஏறப்போகிறவருக்காக ஒருவர் மரியாதையாகத் திறந்து பிடிப்பதுபோல. சில்லென்று காற்று வந்தது. அதோடு சுருட்டு வாசனை.

சித்தி சிரித்தாள்.

அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. அடிவயிற்றிலிருந்து, வாயை மூடாமல், பயமில்லாமல்.

“ஏன்டா, இந்த மாசம் இதுக்கு எவ்ளோ கொட்டி அழுத?”

டா. சித்தப்பாவை டா.

“ரெண்டு டயரு. அப்பறம் அந்த காயிலு” என்றார் சித்தப்பா.

“எனக்கு ஒரு மொழம் பூ வாங்கணும்னா ஒங்கண்ணன் மூஞ்சிய பாக்கற. இதுக்கு மட்டும் டயரு, காயிலு. பேசாம இதையே கட்டிக்கினு இருந்திருக்கலாம் நீ.”

“இதுக்கு பேச வராதே.”

“நான் மட்டும் வூட்ல பேசிக்கினா கீறேன்?”

பிறகுதான் அது நடந்தது. சித்தி தொண்டையைக் கனைத்தாள். அது பெரியப்பாவின் கனைப்பு. “தம்பீ... மூட்டய எண்ணிட்டியா?” பெரியப்பாவின் குரல், அந்த இழுப்பு, கடைசியில் வரும் அந்த மூக்குச் சத்தம், எல்லாம் சித்தியின் வாயிலிருந்து வந்தன. சித்தப்பா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பயந்து அழுகிறார் என்று நினைத்தேன். அப்போது சித்தியின் வாயிலிருந்து பேசிய அது சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணன்மார் “தம்பி” என்பார்கள், பிள்ளைகள் “சித்தப்பா” என்போம். அந்த வீட்டில் வேறு யாரும் சொல்லாத பெயர். மனைவி சொல்லவே கூடாத பெயர். அதைச் சொன்ன குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“தை பொறந்தா செங்கத்துக்காரன் வரான். நீ இன்னா சொல்லப் போற?”

சித்தப்பா ஸ்டியரிங்கின் விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

“அண்ணன் எதிர்ல எனக்கு வாய் வராது. ஒனக்குத் தெரியும்ல.”

“தெரியும். அப்ப நான் எங்கம்மா வூட்டுக்கு பொட்டிய கட்டறேன். இந்த வண்டியிலயே கொண்டாந்து வுடு. வழியில நின்னுடாம பாத்துக்க.”

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கதவு திறந்தபோது ஏறியது சித்திக்குள் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அது சித்தியை இந்த வீட்டிலிருந்து கொண்டுபோகப் பார்க்கிறது.

“சரி எடு. தேடுவாங்க” என்றது அது. சித்தப்பாவின் கை மறுபடி முழங்காலுக்குப் போயிற்று. வண்டி உறுமிக் கிளம்பியதும் கதவு டப்பென்று தானாகச் சாத்திக்கொண்டது. வழியெல்லாம் நான் மூச்சைக்கூட எண்ணி விட்டேன். பேகோபுரத்தின் கீழே தெரு முனை திரும்பும்போது சித்தி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். கழுத்து வளைந்தது, தலை குனிந்தது. “பாப்பா தூங்கிடுச்சுங்க” என்றாள், பழைய சித்தியின் குரலில். தெரு முனையில் அது இறங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு உயிர் வந்தது.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே பெரியம்மா நின்றிருந்தாள்.

“பேரு சொல்லியா?”

“ஆமா பெரியம்மா.”

“டேய்னாளா?”

“ஆமா. பெரியப்பா மாதிரியே பேசுச்சு.”

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் கையில் முறம் நின்றுபோயிருந்தது. அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“சிரிச்சாளா?”

“ரொம்ப நேரம் சிரிச்சாங்க.”

அம்மா மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

பெரியப்பா குலதெய்வக் கோயில் பூசாரியை வரவழைத்தார். அவர் காரைச் சுற்றி வந்து, வலது பக்க சீட்டின் பள்ளத்தைத் தடவிப் பார்த்து, கையை முகர்ந்தார். “சாயங்காலம் ஏறுது, தெரு முனையில எறங்குது. வூட்டுக்குள்ள வரல. வராத வரைக்கும் அத கோவப்படுத்தாதீங்க. நிக்கற எடத்துல நிக்கட்டும்” என்றார். காரின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். சித்தியிடம் எல்லோரும் அளந்து பேசத் தொடங்கினார்கள். அவள் நெற்றியில் தினமும் திருநீறு பூசிய பெரியம்மா, பூசிய விரலை உடனே புடவையில் துடைத்துக்கொண்டாள். என்ன நினைக்கிறார்கள் என்று சித்திக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பிற்காலத்தில் எத்தனையோ வண்டிகளின் மூடிக்குள் எட்டிப் பார்த்தவள் என்ற முறையில் ஒரு விளக்கம் தரலாம். அந்தக் காரில் பெட்ரோலை அடைக்கும் ஒரு சின்னத் திருகு, ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு அருகில் இருந்தது. அதை மூடினால் வண்டி உடனே நிற்காது. இன்ஜினில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடும். புளிய மரத்தில் மூடினால் மண்டபத்தில் நிற்கும். அந்த வளைவில் ரோடு மலைப்பக்கமாகச் சரிந்திருக்கும். தேய்ந்த பூட்டுள்ள கதவு சரிவில் திறக்கும், வண்டி முன்னால் பாயும்போது தானாக மூடும். முதல் நாள் காயில் மறுபடி சூடாகி, ஆறும்வரை உண்மையாகவே நின்றது. மற்ற நாட்களெல்லாம் திருகுதான். அப்பாவின் கேலி, பெரியப்பாவின் கோபம், புதுச்சேரியிலிருந்து சணல் கட்டி வந்த ஒவ்வொரு சாமான், எல்லாம் சேர்ந்து அந்தக் காரை ஓட்டுகிற செலவு. அந்தச் செலவுக்குச் சித்தப்பா வாங்கியது மண்டபத்து வளைவில் கொஞ்ச நேரம். எனக்குத் திருகும் தெரியாது, சரிவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அது ஒருநாள் தெரு முனையில் இறங்க மறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும்தான்.

தை பிறந்தது. செங்கத்துக்காரர் ஒரு மாலை வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெரியப்பாவும் அப்பாவும் எதிரில். சித்தப்பா தூணில் சாய்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காபி கொண்டுவர யாரைச் சொல்வது என்று பெரியம்மா யோசிக்கவில்லை. வழக்கம்போலச் சித்தியைச் சொல்லிவிட்டாள்.

“பொண்ணு ஜாஸ்தி பேசாதுங்க. சொன்ன வேலைய செய்யும்” என்றார் செங்கத்துக்காரர்.

“அதான் நமக்கு வேணும்” என்ற பெரியப்பா தம்பியின் பக்கம் திரும்பினார். “இன்னாடா, ஒனக்கு சம்மதந்தான?”

சித்தப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

சித்தி தட்டோடு வந்து நின்றிருந்தாள். தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. நான் கூடத்தின் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தரையில் வைத்தாள். மெதுவாக நிமிர்ந்தாள். கழுத்து வளைவு போயிற்று. முந்தானை தோளிலிருந்து வழிந்தது; அவள் இழுத்துக்கொள்ளவில்லை. சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“வண்டிய எட்றா. நேரமாச்சு.”

மலைக்குப் பின்னால் கேட்ட அதே குரல். வீட்டுக்குள். விளக்கு வைப்பதற்கு முன்பே.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். அது அவர் பக்கம் திரும்பியது. தொண்டையைக் கனைத்தது.

“தம்பீ... மூட்டய எண்ணிட்டியா?”

தன் குரலைத் தானே எதிரில் கேட்ட இன்னொரு மனிதரை நான் அதன் பிறகு பார்த்ததில்லை. பெரியப்பாவின் முகம் வெளுத்தது. அவர் உதடுகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்வதுபோல் அசைந்தன. செங்கத்துக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எம் பொண்ணு சின்னப் பொண்ணுங்க” என்றார். செருப்பை வாசலில் மாட்டாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார்.

சித்தப்பா சாவியை எடுத்தார். “வா” என்றார் சித்தியிடம், அண்ணன் எதிரில். பெரியம்மா என் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். “கூட போடி பாப்பா. கண்ணு, எப்டியாவது அத எறக்கி வுட்டுட்டு வரச் சொல்லு.”

அன்று போனதுபோல் நான் எந்தப் பயணமும் போனதில்லை. பலகையில் சுருண்டு கிடந்தேன். புளிய மரங்கள் வந்தன. சித்தப்பாவின் கை கீழே போகவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. மண்டபம் வந்தது. இன்ஜின் ஒருமுறை இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றது.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி அவர் கைகளைப் பார்த்தாள். வலது பக்கக் கதவு மெதுவாகத் திறந்தது.

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. காயில் புதியது. அன்று காலைதான் பெட்ரோல் போட்டிருந்தார்கள். வெயிலில் சில வண்டிகளில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும் என்பது தெரியும். தை மாதக் குளிரில் அது நடக்காது. தகுதிச் சான்று கேட்டு அந்த வண்டி என் முன் வந்திருந்தால், எந்தக் குறையை எழுதி அதைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

சித்தி திறந்த கதவைப் பார்த்தாள். பிறகு சீட்டின் ஓரமாக நகர்ந்து, இன்னொருவருக்கு இடம் விடுவதுபோல் புடவையை ஒதுக்கிக்கொண்டாள்.

“ரொம்ப ஒதவிங்க” என்றாள், வெளியே இருட்டிக்கொண்டிருந்த மலையைப் பார்த்து.

சித்தப்பா சாவியைத் திருப்பினார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. கதவு சாத்திக்கொண்டது.

பேகோபுர முனை வந்தது. நான் எழுந்து உட்கார்ந்து சித்தியின் முந்தானையையே பார்த்தேன். அவள் அதை இழுக்கவில்லை. கழுத்து வளையவில்லை. வண்டி தெருவுக்குள் திரும்பிவிட்டது. அது இறங்கவில்லை.

வீட்டில் எல்லோரும் கூடத்தின் ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டார்கள். சித்தி அந்தக் குரலிலேயே, “அக்கா, கொழம்ப சூடு பண்ணட்டா? எல்லாரும் இன்னும் சாப்புடல போலக்கீது” என்று கேட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த வாரமே கடலை மூட்டைகளை மண்டிக்கு மாற்றி அந்த அறையைச் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் கொடுத்துவிட்டார்கள். அது கூடத்தில் படுத்தால் பிள்ளைகள் பயப்படுவார்களாம். செங்கத்துப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. சில வருடங்கள் கழித்து அந்த அறையில் ஒரு தொட்டில் ஆடியபோது, பெரியப்பா புதுச்சேரி திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அடுப்படியிலிருந்து அந்தப் பெரிய குரல் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

“அம்மா, சித்தி எப்ப திரும்பி வருவாங்க?”

அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

“தெரியலடி” என்றாள். “வராட்டி போவுது.”

மறுநாள் காலை நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது அம்மா யாரும் சொல்லாமலே ஒரு வாளித் தண்ணீரோடு காருக்கு அருகில் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை நனைத்து, வலது பக்கக் கதவை மட்டும் மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவில் அழுக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. துடைத்து முடித்தவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, சீட்டின் அந்தப் பள்ளத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.